அறை வெப்பநிலையில் சிஓஎஃப்-300 படிகங்களை வளர்க்கும் முறை

வேதியியலாளர் ஒமர் யாகியின் குழுவினர் 2005இல் முதன்முதலாக அறிவித்த சகப்பிணைப்புக் கரிமச் சட்டகங்கள் (சுருக்கமாக சிஓஎஃப்; கரிம மூலக்கூறுகள் வலுவான பிணைப்புகளால் வலைபோல் இணைந்த நுண்துளைத் திண்மங்கள்) நெடுங்காலம் நுண்பொடியாகவே கிடைத்துவந்தன. அவற்றுள் ஒன்றான சிஓஎஃப்-300ஐ மூடிய கண்ணாடிக் குழாயில் 120 பாகை செல்சியஸில் மூன்று நாள் சூடாக்கிச் செய்வதே வழக்கமாக இருந்தது. 2018இல் அனிலின் என்னும் எளிய கரிமச் சேர்மத்தை மிகுதியாகச் சேர்த்து, சூடாக்காமலேயே ஒற்றைப் படிகங்கள் வளர்க்கப்பட்டன. இவ்வகைப் படிகங்களின் அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு 0.83 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை துல்லியமாக அறிய முடிந்தது.

அமீன் தொகுதியும் ஆல்டிஹைடு தொகுதியும் சேர்ந்து, இச்சட்டகத்தை இணைக்கும் இமீன் பிணைப்பு உண்டாகும் வினை மிக வேகமானது என்பதால், தவறான இடத்தில் அமைந்த பிணைப்புகள் பிரிந்து சரியாவதற்குள் ஒழுங்கற்ற திண்மம் வீழ்படிந்துவிடுகிறது. அனிலினுக்கு ஒரே ஒரு அமீன் தொகுதி உண்டு என்பதால் அதைக் கொண்டு சட்டகம் நீள முடியாது. அது ஆல்டிஹைடு முனைகளை முதலில் பற்றிக்கொண்டு, பிறகு மெல்ல இடம் விட்டுக்கொடுப்பதால் சட்டகம் நிதானமாக வளர்கிறது.

சிறு கண்ணாடிக் குப்பியில் நான்கு அமீன் தொகுதிகள் கொண்ட டெட்ராகிஸ்(4-அமினோபீனைல்)மீத்தேன் 20 மி.கி. எடுத்து, அரை மி.லி. டையாக்சேன் என்னும் கரைப்பானில் முழுமையாகக் கரைத்து, அனிலினையும், பின்னர் 6 மோலார் அசிட்டிக் அமிலக் கரைசலில் சிறிதளவையும் சேர்க்க வேண்டும். அமிலம் வினையூக்கியாகிறது, அதனுடன் வரும் நீர் வினையை மீளக்கூடியதாக வைத்திருக்கிறது. இரண்டு ஆல்டிஹைடு முனைகள் கொண்ட டெரெப்தால்டிஹைடு 14 மி.கி. எடுத்துத் தனியே அரை மி.லி. டையாக்சேனில் கரைத்துக் கடைசியாக ஊற்றுவதே நல்லது. அப்போதுதான் அது அனிலின் நிறைந்த கரைசலைச் சந்திக்கும். அனிலின் அளவை ஒரே குப்பியில் தீர்மானிக்க முயலாமல், டெட்ராகிஸ்(4-அமினோபீனைல்)மீத்தேனின் மோல் அளவைப் போல 10, 15, 20 மடங்கு என மூன்று குப்பிகளில் வைத்துப் பார்ப்பதையே பரிந்துரைக்கிறேன். உடனே கலங்கல் தோன்றினால் அனிலின் போதவில்லை என்று கொள்ளலாம்.

குப்பியை மூடி, அதிர்வில்லாத இடத்தில் வாரக்கணக்கில் அசைக்காமல் விட வேண்டும். பொறுமையிழந்து சூடாக்கினால் இம்முறையின் பயனே போய்விடும்.

அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் சென்று இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுக்கும். டையாக்சேன் எளிதில் தீப்பற்றுவதோடு, திறந்து வைத்தால் பெராக்சைடையும் உண்டாக்கும். ஆகவே எல்லா வேலையும் புகை உறிஞ்சு பெட்டிக்குள், தகுந்த கையுறையுடன் நடக்க வேண்டும்.

வளர்ந்த படிகங்களைப் புதிய டையாக்சேனால் பலமுறை கழுவி, முனைவாக்க நுண்ணோக்கியில் பார்க்கலாம். துளைகளிலுள்ள கரைப்பான் வெளியேறும்போது இச்சட்டகம் சுருங்குவதால், எக்ஸ் கதிர் அளவீட்டுக்கு முன் படிகங்களை உலர விடக் கூடாது.