ஹீலா மான்ஸ்டர்: பல்லி என்று தொடாதீர்கள், பாம்பு என்று கட்டாதீர்கள்

ஏப்ரல் கடைசி வாரம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்கு மேற்கே சகுவாரோ தேசியப் பூங்கா. காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. மதுரையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சினன் மகன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். திடீரென்று நின்று, "மாமா, உடும்பு மாமா!" என்றான்.

உடும்பு இல்லை. பாதையோரப் புதருக்கடியில் ஒன்றரை அடி நீளத்தில், கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பாசிமணி கோத்துத் தைத்த பை மாதிரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. கொழுத்த வால். மூக்கு மழுங்கிய கரிய தலை. இரண்டு எட்டு வைத்ததும் நின்று, பிளந்த கரிய நாக்கை நீட்டி மண்ணை நக்கிப் பார்த்தது. அவசரமே கிடையாது. பையன் கீழே கிடந்த காய்ந்த கள்ளித்தண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு குனிந்தான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன்.

அது ஹீலா மான்ஸ்டர். ஆங்கிலத்தில் Gila என்ற எழுத்தைப் பார்த்துக் 'கிலா' என்று படிப்போம். இங்கே எல்லோரும் 'ஹீலா' என்றுதான் சொல்கிறார்கள். அரிசோனாவின் ஹீலா ஆற்றிலிருந்து வந்த பெயர். வட அமெரிக்காவின் சோனோரன், மொஹாவி பாலைவனங்களில் வாழும் நஞ்சுள்ள பல்லி. அரிசோனாவிலும் மெக்சிகோவின் சோனோரா மாநிலத்திலும் அதிகம். நெவாடா, யூட்டா, கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ ஓரங்களிலும் உண்டு. மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் இதன் பெரிய பங்காளியான மணிப்பல்லி இருக்கிறது. கடியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விதிதான்.

பத்து வருடமாக அரிசோனாவின் சாண்ட்லர் நகரில் இருக்கிறேன். நேரில் பார்த்தது அதுதான் இரண்டாம் தடவை. வாழ்நாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் வளைக்குள்ளேயே கழிக்கும் பிராணி அது. எளிதில் கண்ணில் படாது என்பதால்தான், பட்டதும் நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கிறது. கடிபடும் முன்பு இதைப் பல்லி என்று நினைத்து ஏமாறுகிறோம். கடிபட்ட பிறகு பாம்பு என்று நினைத்துத் தப்பான வைத்தியம் செய்கிறோம். நான் பார்த்த, கேட்ட தவறுகள் எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

"மெதுவாகத்தானே போகிறது"

கால்தான் மெதுவு. தலை அப்படியில்லை. சோம்பிக் கிடப்பது போல இருந்துவிட்டு, பக்கவாட்டில் சடக்கென்று திரும்பிக் கவ்வும். வாலைப் பிடித்துத் தூக்கினால் கைக்கு எட்டாது என்று நினைப்பவர்கள் உண்டு. உடம்பை வளைத்து எட்டிவிடும். கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்தால் போதும் என்பதும் அதே ரகம்.

கடிபட்டவர்களின் கதைகளைக் கேளுங்கள். பெரும்பாலும் கையில்தான் காயம் இருக்கும். அது தேடி வந்து கடிக்கவில்லை, கை அதைத் தேடிப் போயிருக்கிறது. படமெடுக்க, பாதையிலிருந்து நகர்த்திவிட, நண்பர்களிடம் வீரம் காட்ட. குடித்துவிட்டு விளையாடியவர்களும் இந்தப் பட்டியலில் தாராளமாக உண்டு. விலகிப் போனால் அதுவும் விலகிப் போகும். வாயைத் திறந்து சீறினால் 'போய்விடு' என்று பொருள். இன்னும் கிட்டே போய்ப் படமெடுப்பதற்கு அது அழைப்பு அல்ல.

பாறை இடுக்கிலும், வளையிலும், பார்க்காத புதரடியிலும் கையை விடாதீர்கள். அந்த விதி இங்கே கிளுகிளுப்பைப் பாம்புக்கும் தேளுக்கும் சேர்த்துத்தான். நாயோடு நடப்பவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். நாய் முதலில் மூக்கைத்தான் நீட்டும்.

கவ்விவிட்டது. வெடுக்கென்று இழுப்பதா?

அவசரத்தில் எல்லோரும் செய்வது அதுதான், இருப்பதிலேயே கெட்ட தவறும் அதுதான். உடும்புப் பிடி என்று நாம் சும்மா சொல்கிறோம். இந்தப் பிராணியின் பிடி அந்தச் சொல்லுக்கு முழுப் பொருளும் கொடுக்கும். சில சமயம் நிமிடக்கணக்கில் விடாது.

காரணம் அதன் வாய் அமைப்பு. நாகத்துக்கும் விரியனுக்கும் நஞ்சுப்பை மேல்தாடையில். துளையுள்ள பல் வழியாக ஊசி போடுவது போல ஒரு நொடியில் செலுத்திவிடும். ஹீலாவுக்கு நஞ்சுச் சுரப்பி கீழ்த்தாடையில். பல்லில் துளை இல்லை, வாய்க்கால் மாதிரி பள்ளம்தான் இருக்கிறது. நஞ்சு எச்சிலோடு கலந்து அந்தப் பள்ளத்தில் ஊறி ஏற வேண்டும். அதனால்தான் கவ்விக்கொண்டு மெல்லுகிறது. எவ்வளவு நேரம் மெல்லுகிறதோ அவ்வளவு நஞ்சு உள்ளே போகும்.

ஆகவே சீக்கிரம் விடுவிக்கவும் வேண்டும், பிய்த்து இழுக்கவும் கூடாது. இழுத்தால் சதை கிழியும். பல் ஒடிந்து காயத்துக்குள் நிற்கும். முதலில், கையை உதறாமல் தாழ்த்தி, அதன் கால்கள் தரையில் படும்படி வையுங்கள். அந்தரத்தில் தொங்கினால் இன்னும் இறுக்கும். பிறகு ஒரு கெட்டியான குச்சியையோ, குறடு, ஸ்க்ரூடிரைவர் போன்ற ஒன்றையோ அதன் கடைவாய்ப் பக்கமாகப் பற்களுக்கு நடுவே கொடுத்துத் தாடையை நெம்பித் திறக்க வேண்டும். பக்கத்தில் வாளியோ குழாயோ இருந்தால் கையோடு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துவதும் பலன் தரும். லைட்டரைக் கொளுத்தித் தாடைக்கடியில் காட்டு என்று ஒரு யோசனை சுற்றுகிறது. கூடவே சொந்தக் கையும் வேகும் என்பதை அதைச் சொல்பவர்கள் சொல்வதில்லை.

வாய் திறந்ததும் விலகி நில்லுங்கள். அதே பல்லி அதே ஆளை இரண்டாம் முறை கடிக்கத் தடையேதும் இல்லை.

பாம்புக்கடி வைத்தியம் இதற்கு ஒத்துவராது

கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் கட்டியைக் கட்டி வைப்பது. பாம்புக்கடிக்கே இப்போது எந்த மருத்துவரும் சொல்லாதவை இவை. இங்கே கேடு இரட்டிப்பு: ஏற்கெனவே வேகமாக வீங்கும் கையைக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று தசைதான் சாகும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். தாமதித்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காயத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் அடுத்து எதிர்பார்ப்பது 'விஷமுறிவு ஊசி'. ஹீலா கடிக்கு அப்படி ஒரு மருந்தே கிடையாது. கிளுகிளுப்பைப் பாம்புக்குத் தருகிற மருந்து இதற்கு வேலை செய்யாது. "ஊசிதான் இல்லையே, பிறகு ஆஸ்பத்திரி எதற்கு?" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். நஞ்சு ரத்த அழுத்தத்தைத் தடாலென்று இறக்கும். வாந்தி, வியர்வை, தலைசுற்றல் வரும். சிலருக்கு நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சுக்குழல் அடைபடும். அந்த நேரத்தில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றவும், மூச்சுக்குழாய் செருகவும், இதயத்தைக் கண்காணிக்கவும் ஆள் வேண்டும். வலி எப்படியும் கடுமையாக இருக்கும், அதற்கும் வீட்டு மாத்திரை போதாது. தானே காரோட்டிக்கொண்டு போவது இதனால்தான் ஆபத்து. நடுச்சாலையில் மயங்கினால் என்ன ஆகும்? அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். ஆள் தெளிவாக இருந்து சந்தேகம் மட்டும் கேட்க வேண்டுமானால், அமெரிக்கா முழுவதற்குமான நஞ்சுத் தகவல் எண் 1-800-222-1222.

மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: பல் உள்ளே இருக்கிறதா பாருங்கள் என்பது. எக்ஸ்ரேயில் சில சமயம் தெரியாது; காயத்தைக் கழுவித் தடவித் தேட வேண்டியிருக்கும். ஒடிந்த பல்லை உள்ளே விட்டுத் தைத்தால் சீழ் கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுங்கள்.

"இதனால் யாரும் சாவதில்லை"

இந்தப் பேச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இதன் மூச்சுக்காற்றே நஞ்சு என்று நம்பினார்கள். பத்திரிகைகளிலும் அப்படியே எழுதினார்கள். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் ஜார்ஜ் குட்ஃபெலோ என்று ஒரு மருத்துவர். துப்பாக்கிக் காயங்களுக்குப் பேர்போனவர். ஊராரிடம் பல்லிக்கு 5 டாலர் என்று விலை பேசி வாங்கி ஆராய்ந்தார். 1891-இல் வேண்டுமென்றே ஒன்றைச் சீண்டித் தன் விரலைக் கடிக்க விட்டார். ஐந்து நாள் படுத்த படுக்கை. பிறகு எழுந்துவிட்டார். மூச்சில் நஞ்சு என்ற புரளி அத்தோடு ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் 'ஐந்து நாளில் சரியாகிவிடும்' என்ற இன்னொரு நம்பிக்கை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2024 பிப்ரவரியில் கொலராடோவின் லேக்வுட்டில் 34 வயது ஆள் ஒருவரை வீட்டில் வளர்த்த ஹீலா கையில் கவ்வியது. சில நிமிடங்கள் விடவில்லை. சற்று நேரத்தில் வாந்தி எடுத்து, மயங்கி, மூச்சு நின்றது. நான்கு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். இதயத்திலும் கல்லீரலிலும் இருந்த கோளாறுகளும் துணைக் காரணங்கள் என்று பிணக்கூறாய்வு சொன்னது. 1930-க்குப் பிறகு இப்படி ஒரு மரணம் இப்போதுதான் என்று செய்திகளில் எழுதினார்கள். சாவு அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் இதயமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தில் இன்னொரு குழப்பம்: "இதன் எச்சிலிலிருந்துதானே ஊசி மருந்து எடுக்கிறார்கள், அப்படியானால் கடி நல்லதுதானே?" பாதி உண்மை. ஜான் எங் என்ற மருத்துவர் 1992-இல் இதன் நஞ்சில் எக்செண்டின்-4 என்ற பொருளைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்துச் செய்த எக்ஸெனடைட் என்ற மருந்துக்கு 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து ஆலையில் செயற்கையாகச் செய்வது. யாரும் பல்லியைக் கறப்பதில்லை. கடியில் வருவது அந்த ஒரு பொருள் மட்டுமல்ல, மொத்தக் கலவையும்.

அடிப்பதும் தப்பு, இடம் மாற்றுவதும் தப்பு

1952-லிருந்து அரிசோனாவில் இதைக் கொல்வதும் பிடிப்பதும் சட்டப்படிக் குற்றம். அமெரிக்காவில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல் நச்சுப் பிராணி இதுதான். வீட்டு முற்றத்துக்கு வந்தால் குழந்தைகளையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு கதவைச் சாத்தினால் போதும், பெரும்பாலும் தானே போய்விடும். அடைபட்டுக் கிடந்தால் மட்டும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். வாளியில் பிடித்துப் பக்கத்துக் குன்றில் விட்டால் திரும்பி வந்துவிடும். வெகுதூரம் கொண்டுபோய் விட்டால் பதுங்க வளை தெரியாமல் வெயிலில் அலையும்.

அரிசோனாவில் அடிக்கடி நடக்கும் இன்னொரு கூத்து: இரவில் கார் நிறுத்துமிடத்துக்கு வரும் பட்டைபோட்ட சிறு பல்லியைப் பார்த்து 'ஹீலாக் குட்டி' என்று செருப்பால் அடிப்பது. அரணை நக்கினால் மரணம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அடிக்கக் காரணமே வேண்டாம். அது மெல்லிய தோலுள்ள, ஒன்றும் செய்யாத மரப்பல்லி வகை. உண்மையான ஹீலாக் குட்டி முட்டையிலிருந்து வரும்போதே அரை அடி நீளம், மணிமணியான தோல், உடம்பில் நஞ்சும் தயார்.

சகுவாரோவில் அன்று பையனை இரண்டு ஆள் நீளம் தள்ளி நிறுத்தினேன். முனகிக்கொண்டே கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். பல்லி கால் மணி நேரம் அங்கேயே ஆற அமர மண்ணை நக்கிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பாலோ வெர்டே மரத்தடி வளைக்குள் தலையை நுழைத்தது. வண்டியில் ஏறியதும் படங்களைப் புரட்டிப் பார்த்தோம். தெளிவாக விழுந்திருந்தது வால் மட்டும்தான். அதையே மதுரைக்கு அனுப்பினான். "உடும்பா?" என்று பதில் வந்தது.