கல்லீரல் நீர்க்கட்டி: ஊசிய கையில எடுக்கறதுக்கு முன்னாடி

புதுசா வர்ற பிஜி (மேற்படிப்பு) டாக்டர் பசங்க ஒவ்வொரு பேட்ச்லயும் நாங்க அந்த வயசுல சறுக்குன அதே இடத்துலதான் சறுக்குறாங்க. சைஸ் தப்பா எழுதறது, ரிப்போர்ட் மாத்தி வைக்கறதெல்லாம் விடுங்க, திட்டு வாங்குனா சரியாயிடும். கீழ தலைப்பா போட்டிருக்கறது ஒவ்வொண்ணும் அப்படி விட முடியாத தப்பு.

சும்மா கிடக்கறத சீண்டறது

மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல சிம்பிள் சிஸ்ட் (வெறும் தண்ணி கட்டி) னு ஒரு வரி வந்துடும், குடும்பமே பயந்து ஓடி வரும். வலியோ வேற தொந்தரவோ இல்லன்னா ட்ரீட்மென்ட்டே வேணாம்.

என்ன கட்டின்னு தெரியாம ஊசி விடறது

இத நெனச்சா எனக்கு இன்னமும் எரியுது. "சார், தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்புனா தெரிஞ்சிடும்ல?" தெரியும் தம்பி, ஆனா அது ஹைடாடிட்டா (புழுக் கட்டியா) இருந்துச்சுன்னா, லேப் சொல்றதுக்கு முன்னாடி பேஷன்ட் உடம்பெல்லாம் தடிச்சு பிபி இறங்கி டேபிள்ல கிடக்கலாம். உள்ள இருக்கறது எக்கினோகாக்கஸ்ங்கற நாடாப்புழுவோட லார்வா, அந்த தண்ணி கசிஞ்சா அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரலாம், அது வராம தப்பிச்சாலும் வயித்துக்குள்ள சிந்துன இடத்துல புதுக் கட்டி முளைக்கும். வேற எங்கயோ ஊசி விட்டு அனுப்புன ஒரு அம்மா எங்ககிட்ட வந்தப்போ கல்லீரல்ல ஒண்ணா இருந்தது வயிறு பூரா பரவியிருந்துச்சு. ஏன் ஊசி விட்டாங்கன்னு விசாரிச்சா, தண்ணி தெளிவா வந்துச்சு, அதனால சிம்பிள்னு முடிவு பண்ணாங்களாம். ஹைடாடிட் தண்ணியும் ஊத்துத் தண்ணி மாதிரி தெளிவாத்தான்யா இருக்கும்!

அதனால மொதல்ல வாய தொறந்து கேளுங்க. வீட்ல நாய் இருக்கா, ஊர்ல ஆடு மேய்க்கற குடும்பமா, வேலை புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி மாதிரி இடத்துலயா. மட்டன் சாப்பிட்டு வர்றது இல்ல இது, கட்டி இருக்கற ஆட்டு ஈரல நாய் தின்னு, அந்த நாயோட மலத்துல வர்ற முட்டை நம்ம கை வழியா, கழுவாத கீரை வழியா வாய்க்குள்ள போறதுதான். அப்புறம் அல்ட்ராசவுண்ட்ல ரெட்டைச் சுவர், மிதக்கற சவ்வு, உள்ள குட்டிக் கட்டிகள் இருக்கான்னு பாருங்க. ரத்த டெஸ்ட் நெகட்டிவ்னு வந்தா மட்டும் நிம்மதி ஆயிடாதீங்க.

ஹைடாடிட்டுக்கு ஊசியே கூடாதுன்னு இல்ல, PAIR-னு ஒரு முறையே இருக்கு: குத்தி, உறிஞ்சி, புழுவக் கொல்ற மருந்த விட்டு, திரும்ப உறிஞ்சறது. ஆனா அதுக்கு அல்பெண்டசோல்ங்கற புழு மாத்திரை முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும், அலர்ஜி வந்தா போடற அட்ரினலின் ஊசி பக்கத்துல இருக்கணும், உறிஞ்சறதுல பித்தம் வந்துச்சுன்னா ஆல்கஹாலோ உப்புத் தண்ணியோ விடவே கூடாது, பித்தக் குழாய் வெந்துடும். உள்ள குட்டிக் கட்டிகள் நெறைய இருந்தா PAIR ஒத்து வராது, சர்ஜரிதான்.

வெறுமனே உறிஞ்சி அனுப்பறது

திரும்ப ரொம்பிடும். தொந்தரவு குடுக்கற சிம்பிள் சிஸ்ட்டுன்னா ஒண்ணு ஆல்கஹால் விட்டு உள்சுவர சுருக்கற ஸ்க்ளீரோதெரபி, இல்ல லேப்பரோஸ்கோப்பில (சின்ன ஓட்டை வழியா) கட்டியோட மேல்சுவர வெட்டி எடுக்கறது.

எல்லாத்துக்கும் மேல்சுவர மட்டும் வெட்டறது

நடுவயசு பொம்பளைக்கு ஒத்தக் கட்டி, உள்ள தடுப்புச்சுவர், சுவர்ல முடிச்சுன்னா மியூசினஸ் நியோபிளாசமான்னு (சளி மாதிரி சுரக்கற கட்டியான்னு) யோசிங்க. அத முழுசா எடுக்கணும், மிச்சம் வச்சா திரும்ப வரும், கேன்சராவும் மாறலாம். சிஏ 19-9ங்கற கேன்சர் ரத்த டெஸ்ட் ஏறியிருக்குன்னு மட்டும் வச்சு பயமுறுத்தாதீங்க, சிம்பிள் சிஸ்ட்லயும் அது ஏறும்.

பாலிசிஸ்டிக் லிவர் (கல்லீரல் பூரா கட்டிகள்) இருக்கறவங்க ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாத்திரை சாப்பிடறது

நிறுத்துங்க.

அல்பெண்டசோல வெறும் வயித்துல குடுக்கறது

கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட போட்டாத்தான் மருந்து ஒழுங்கா உடம்புல சேரும். எல்எஃப்டி (கல்லீரல் டெஸ்ட்), ரத்த அணுக்கள் ரெண்டையும் நடுநடுவுல பாருங்க, கர்ப்பமான்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.