பழங்காலத்தவரும் மின்சாரமும்: கட்டுரைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபுரக் கலசங்கள் நம் முன்னோர் அறிந்தே அமைத்த இடிதாங்கிகள் என்னும் செய்தி, ஐப்பசி மழை தொடங்கியதும் சென்னையில் வாட்ஸ்அப் வழியே பரவுகிறது. பள்ளிப் பேச்சுப் போட்டி உரைகளிலும் அது அப்படியே இடம்பெறுகிறது. முன்னோரைப் போற்றும் மாணவர்கள் சான்றோடு போற்ற வேண்டும் என்பதே என் விருப்பம்.

இடிதாங்கிக்கு உச்சியில் உலோக முனை இருந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து மண்ணுக்குள் வரை அறுபடாத உலோகக் கம்பியோ பட்டையோ இறங்க வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கலசங்களுக்குக் கீழே அடுக்கடுக்காகத் தெரிவன சுதைச் சிற்பங்களே. தவிர, அக்கோபுரம் 1906ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதைப் பழங்காலச் சான்றாகக் காட்டுவதே பொருந்தாது.

ஐம்பூதங்களுள் ஒன்றான தீயை மின்சாரம் என்று கொள்வது இதைவிட ஆழமான பிழை. புறநானூற்றின் 2ஆம் பாடல் நிலம், விசும்பு (ஆகாயம்), வளி, தீ, நீர் என ஐந்தையும் நிரல்படச் சொல்லி, சேரமான் உதியன் சேரலாதனின் பொறுமைக்கு நிலத்தையும், ஆராய்ந்து எண்ணும் திறனின் அகலத்துக்கு விசும்பையும், வலிமைக்குக் காற்றையும், பகையழிக்கும் ஆற்றலுக்குத் தீயையும், அருளுக்கு நீரையும் ஒப்பாக்குகிறது. உலகைக் கூர்ந்து கண்டவர்களின் அழகான வகைப்பாடு அது. அதற்குள் மின்னூட்டத்தைத் தேடினால் பாட்டின் பொருளையே இழந்துவிடுவோம். ஆகாயத்தையும் கிரேக்கரின் ஐந்தாம் பூதத்தையும் ஒன்றாக்குவதும் சரியன்று. வைசேடிகம் என்னும் இந்தியத் தத்துவ மரபு ஆகாயத்தின் குணம் ஒலி என்றது. கிரேக்கத் தத்துவ அறிஞர் எம்பெடோக்ளிஸ் நான்கு பூதங்களையே சொன்னார். அரிஸ்டாட்டில் சேர்த்த ஐந்தாவதோ விண்மீன்களும் கோள்களும் உள்ள வான்பகுதிக்கு மட்டுமே உரியது. மின்னலை அவர் மேகத்திலிருந்து பிதுங்கி எரியும் உலர்ந்த ஆவி என்றே விளக்கினார்.

பண்டைக் கிரேக்க அறிஞர் தேலீஸ் மின்சாரத்தைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். காந்தக்கல் இரும்பை நகர்த்துவதால் அதற்கு உயிர் உண்டு என அவர் கருதியதாகவே அரிஸ்டாட்டில் குறிக்கிறார். தேய்த்த ஆம்பர் என்னும் புதைபடிவ மரப்பிசின் துரும்பை இழுப்பதைப் பழங்காலத்தவர் அறிந்திருந்தனர். ஆனால் காந்தத்தின் ஈர்ப்பு வேறு, ஆம்பரின் ஈர்ப்பு வேறு என்று 1600இல் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் கில்பர்ட்தான் சோதித்துப் பிரித்துக் காட்டினார். பாக்தாத் அருகே 1936இல் கிடைத்த, செப்புக் குழலும் இரும்புக் கம்பியும் உள்ள மண்சாடியை மின்கலம் என்று முடிவுகட்டவும் போதிய சான்று இல்லை, அதோடு இணைக்கும் கம்பியோ வேறு கருவியோ கிடைக்கவில்லை.

உரோம மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கி.பி. முதல் நூற்றாண்டில், தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கையை நெற்றியில் வைக்கச் சொன்னார். அந்த மீனின் அதிர்ச்சியும், ஆம்பரின் ஈர்ப்பும், வானத்து மின்னலும் ஒரே ஆற்றலின் வெளிப்பாடுகள் என்று அவர் காலத்தில் எவரும் காட்டவில்லை. மின்னல் மின்சாரமே என்பது, பெஞ்சமின் பிராங்க்ளின் முன்மொழிந்த சோதனை பிரான்சில் நடத்தப்பட்ட 1752இல்தான் உறுதியாயிற்று; திருக்கையின் அதிர்ச்சியும் மின்சாரமே என்று ஆங்கிலேய ஆய்வாளர் ஜான் வால்ஷ் காட்டியது அதற்கும் பிறகு, 1772இல்.