சிங்கப்பூர் நிறுவனத்துக்குச் சென்னையில் செய்ய வேண்டியவை

நானும் என் தம்பியும் பெரம்பூரில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகள் சில எங்களிடம் வாங்கின. கோளாறு வந்தால் பார்க்க உள்ளூரிலேயே ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்டபோதுதான் அங்கே நிறுவனம் பதிந்தோம். அப்படி ஒரு தேவை வராதவரை நீங்கள் பதிய வேண்டாம் என்பேன். சென்னையில் இருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு பில் போடலாம். எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி துறைக்குக் கொடுத்துவிட்டால் ஏற்றுமதிச் சேவைக்கு ஜிஎஸ்டி கட்டாமலே அனுப்பலாம்.

தேவை இருக்கிறதா? அங்கே வேலை எளிது. அக்ரா என்ற அரசு அமைப்பிடம் பதிய வேண்டும். பெயருக்கு 15 சிங்கப்பூர் டாலர், பதிவுக்கு 300. மூலதனம் ஒரு டாலர் போதும். சிங்பாஸ் என்ற சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளம் இல்லாத நாம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அக்ராவில் பதிவு பெற்ற முகவர் வேண்டும். அந்தப் பதிவைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள். அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது கட்டாயம். கம்பெனி செயலாளரை 6 மாதத்துக்குள் நியமிக்க வேண்டும். அலுவலக முகவரிக்குத் தபால் பெட்டி எண் செல்லாது.

இயக்குநர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சித்தப்பா சிங்கப்பூரில்தான் இருக்கிறார். பெயர் மட்டும் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார்; அதனாலேயே கேட்கவில்லை. கணக்குத் தாக்கல் தவறினால் சட்டம் இயக்குநரைத்தான் பிடிக்கும். முகவரே ஏற்பாடு செய்யும் இயக்குநருக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, அது பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. ஆனாலும் அதைக் கொடுத்தோம்.

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது பெயர்தான். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பான் அட்டையில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக. மின்கட்டண ரசீதோ அப்பா பெயரிலேயே. மூன்றும் ஒரே ஆளா என்று முகவர் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். உயர் நீதிமன்றத்தின் எதிரே ஒரு நோட்டரியிடம், இரு பெயர்களும் என்னையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினேன். முகவரிச் சான்றாக வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொடுத்தேன். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல் எழுதுங்கள்.

இனி பணம். வெளிநாட்டு நிறுவனத்தில் பங்கு வாங்குவது, ஒரு டாலராக இருந்தாலும், இந்திய ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. எங்கள் வீட்டருகே உள்ள வங்கிக் கிளையில், 'குடும்பப் பராமரிப்பு' என்று எழுதி அனுப்பிவிடுங்கள் என்றார்கள். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள். அந்நியச் செலாவணி பார்க்கும் கிளைக்குச் செல்லுங்கள். நாங்கள் ராஜாஜி சாலைக்குப் போனோம். ஃபார்ம் எஃப்சி என்ற வெளிநாட்டு முதலீட்டுப் படிவத்தைக் கொடுத்து, யூஐஎன் என்ற அடையாள எண் கிடைத்த பிறகே பணம் போக வேண்டும். ஒருவர் ஒரு நிதியாண்டில் எல்லா வகையிலும் சேர்த்து அனுப்பக்கூடிய உச்ச வரம்பு 2,50,000 அமெரிக்க டாலர். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீத டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வசூலிக்கும் வரி, பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டலாம். பங்குச் சான்றிதழை 6 மாதத்துக்குள் வங்கியில் கொடுத்துவிடுங்கள். வருமானமே இல்லாவிட்டாலும் வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் பங்குகளைக் காட்ட வேண்டும்.

நாங்கள் சறுக்கிய இடம் தணிக்கை. சிறு நிறுவனத்துக்குச் சிங்கப்பூரில் தணிக்கை தேவையில்லை என்று முகவர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் நம் வங்கி வழியாகத் தர வேண்டிய ஏபிஆர் என்ற ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கைக்கு, நிறுவனம் நம் கட்டுப்பாட்டில் இருந்தால் தணிக்கை செய்த கணக்குதான் வேண்டும். டிசம்பர் நடுவில்தான் இது தெரிந்தது. கெடு தவறி, 7,500 ரூபாய் தாமதக் கட்டணம் செலுத்தினோம். பதியும்போதே நிதியாண்டு முடிவை மார்ச் 31 என்று வைக்கச் சொல்லுங்கள். இரு நாட்டுக் கணக்கும் ஒரே நாளில் முடியும், டிசம்பர் 31க்கு முன் தணிக்கையாளருக்கு ஒன்பது மாதம் கிடைக்கும். இப்போது ஜூன் மாதமே கோப்பை அவரிடம் கொடுத்துவிடுகிறோம்.