பிளாங்க் டிஸ்க்கை டிரைவ் கண்டுகொள்ளவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பாட்டு சிடி போட்டால் பாடுகிறது. பழைய டிவிடியில் இருக்கும் போட்டோக்களும் திறக்கின்றன. ஆனால் புதிதாகப் பிரித்த, எதுவும் எழுதாத பிளாங்க் டிவிடியை உள்ளே தள்ளினால் மட்டும், டிஸ்க்கைப் போடுங்கள் என்று கணினி திரும்பத் திரும்பக் கேட்கிறது. உடனே டிரைவ் போய்விட்டது என்று சிலர் புதிது வாங்கிவிடுகிறார்கள். சிலர் விண்டோஸையே அழித்து மறுபடி போடுகிறார்கள். இரண்டுக்கும் இப்போது அவசரமே இல்லை.

எழுதிய டிஸ்க்கைப் படிப்பது வேறு, பிளாங்க் டிஸ்க்கை அடையாளம் காண்பது வேறு. பிளாங்க் டிஸ்க் முழுக்கக் காலி என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. தயாரிக்கும்போதே அதில் சுருள் சுருளாக ஒரு நுண்ணிய பள்ளம் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளம் லேசாக நெளிந்து நெளிந்து போகும். டிஸ்க் என்ன வகை, தயாரித்தவரின் குறியீடு என்ன, எவ்வளவு கொள்ளும் என்பதெல்லாம் அந்த நெளிவிலும் பள்ளத்தை ஒட்டிய குறிகளிலும் இருக்கிறது. டிரைவ் முதலில் இதைப் படிக்கும். பிறகு தன் ஃபர்ம்வேரில், அதாவது டிரைவுக்குள்ளேயே பதித்திருக்கும் மென்பொருளில், உள்ள பட்டியலைப் பார்த்து, லேசரை எவ்வளவு சக்தியில் எரிய விடுவது என்று முடிவு செய்யும். இதில் எங்கே தடங்கல் வந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: டிஸ்க் இல்லை என்கிறது.

அதனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கைத்தான். ஒரே கட்டிலிருந்து பத்து டிஸ்க்கை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பத்தும் வேலை செய்யவில்லை, டிரைவ்தான் காரணம் என்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அது பத்து சோதனை இல்லை, ஒரே சோதனை. வேறு பிராண்டில் ஒன்று, முடிந்தால் வேறு வகையில் ஒன்று போட்டுப் பாருங்கள். அப்புறம் அதே டிஸ்க்கை இன்னொரு கணினியிலும் போடுங்கள். எழுதாமல் வைத்திருந்தாலும் டிஸ்க்கில் உள்ள சாயப் பூச்சு வெயிலிலும் சூட்டிலும் கெடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டிரைவின் முகப்பில் டிவிடி என்று எழுதியிருந்தால் டிவிடி எழுதும் என்று நம்புவது இன்னொரு தவறு. காம்போ டிரைவ் என்று ஒரு வகை உண்டு. அது டிவிடியைப் படிக்கும், ஆனால் சிடியில் மட்டும்தான் எழுதும். எழுதும் டிவிடியில் ப்ளஸ் ஆர் (+R), மைனஸ் ஆர் (-R) என்று இரண்டு வகை உண்டு; ஆரம்ப கால டிவிடி ரைட்டர்களில் சில, இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும். 4.7 ஜிபி டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும் பழைய டிரைவ், இரட்டை அடுக்கு 8.5 ஜிபி டிஸ்க்கை மறுக்கலாம். 25 ஜிபி ப்ளூரே பார்க்க டிவிடி மாதிரியே இருக்கும், ஆனால் டிவிடி ரைட்டரால் அதைத் தொடவே முடியாது.

சிடி ஓடுகிறது, எனவே லேசர் நன்றாக இருக்கிறது என்ற முடிவும் சரியல்ல. சிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று நன்றாக இருக்கும்போதே மற்றொன்று மங்கிப்போகலாம்.

டிஸ்க் சரி, வகையும் சரி என்றால் கணினிப் பக்கம் வாருங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டபுள் கிளிக் செய்து திறக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்; பிளாங்க் டிஸ்க்கில் திறக்க எதுவும் இல்லை. பர்ன் செய்யும், அதாவது டிஸ்க்கில் எழுதும், மென்பொருளைத் திறந்து, அது டிஸ்க்கின் வகையையும் அளவையும் காட்டுகிறதா என்று பாருங்கள். டபுள் கிளிக் செய்யும்போது விண்டோஸ், யூஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா என்று கேட்கும். அதை யோசிக்காமல் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் ஃபார்மேட் ஆகிவிடும், அப்புறம் அது பிளாங்க் இல்லை. அழித்து எழுதும் ஆர்டபிள்யூ (RW) வகை என்றால் அழித்துக்கொள்ளலாம், ஒரே முறை எழுதும் ஆர் (R) வகை என்றால் முடியாது.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி விஷயத்தில்தான் எனக்கு உண்மையில் கவலை. அதில் உள்ள அப்பர்ஃபில்டர்ஸ் (UpperFilters), லோயர்ஃபில்டர்ஸ் (LowerFilters) என்ற இரண்டு பதிவுகளையும் நீக்கு என்ற வைத்தியத்தை யாராவது சொல்லியிருப்பார்கள். டிரைவே கணினியில் தெரியாமல் போனால், கணினியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு பிழை எண் 19 அல்லது 39 வந்தால், அது உதவும். மற்ற டிஸ்க்குகள் ஓடும்போது அதைத் தொடத் தேவையில்லை. சிடி, டிவிடி டிரைவுக்கான ரெஜிஸ்ட்ரி கீயின் முதல் பகுதி 965 என்று முடியும். ஹார்ட் டிஸ்க்குக்கானது 967 என்று முடியும். ஒரு இலக்கம் மாறி அங்கே போய் நீக்கினால் விண்டோஸ் துவங்காமலே போகலாம். முதலில் டிவைஸ் மேனேஜரில் டிரைவை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், விண்டோஸ் தானே திரும்பப் போட்டுக்கொள்ளும். இதற்காக டிரைவர், அதாவது கருவியை இயக்கும் மென்பொருள், தேடி எதையும் டவுன்லோடு செய்யாதீர்கள். விண்டோஸில் உள்ளதே போதும்.

வெளியில் மாட்டும் டிரைவ் என்றால் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் யூஎஸ்பி ஹப் வழியாக இணைக்காதீர்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. ஹப் அதையும் பங்கு போட்டுவிடும். படிக்கப் போதுமான மின்சாரம் எழுதப் போதாமல் போகும். கணினியின் போர்ட்டிலேயே நேராக மாட்டுங்கள், கணினிப் பக்கம் இரண்டு யூஎஸ்பி முனை உள்ள கேபிள் இருந்தால் இரண்டையும் மாட்டுங்கள்.

லென்ஸைத் துணியால் அழுத்தித் துடைப்பது கூடாது. அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் இடம் மாறிவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஊதும் பம்பால் தூசியை ஊதுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, பட்டும் படாமலும் ஒரு தடவு.

ஃபர்ம்வேர் அப்டேட்டைக் கடைசிக்கு வையுங்கள். மாடல் எண் ஒரு எழுத்து மாறினாலும், நடுவில் மின்சாரம் போனாலும் நல்ல டிரைவே உயிர் விட்டுவிடும். அதுவும் முடிந்து, அதே டிரைவை வேறு கணினியில் மாட்டி, இரண்டு பிராண்ட் டிஸ்க்கைப் போட்டும் கண்டுகொள்ளவில்லை என்றால், சரி, அப்போது புதிது வாங்குங்கள்.