ஷார்ஜாவில் முதல் ஆளை வேலைக்கு எடுக்கும்போது

16 வருடமாக ஷார்ஜா தொழிற்பேட்டைப் பக்கம் சின்னச் சின்ன ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதி வருகிறேன். நான்கு பேர், ஏழு பேர் வேலை பார்க்கும் இடங்கள். ஆள் சேரும்போது ஆஃபர் லெட்டர் போடுவதும் நான்தான், அவர் ஊருக்குக் கிளம்பும்போது கடைசி செட்டில்மென்ட் போடுவதும் நான்தான். அந்தக் கடைசி நாளில் வெடிக்கிற சண்டைகளைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் முதல் நாள் காகிதத்தில்தான் போய் நிற்கும். அதனால் முதன்முதலாக ஆள் எடுக்கப்போகும் சிறு முதலாளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

இது ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மட்டும். சவுதி, கத்தார், ஓமன் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சட்டம். இங்கே இப்போது நடைமுறையில் இருப்பது 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம். 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் உள்ளது. ஃப்ரீ ஸோன்களுக்கும் இதுதான். துபாய் சர்வதேச நிதி மையம், அபுதாபி குளோபல் மார்க்கெட் இரண்டும் மட்டும் தங்களுக்கென்று வேறு சட்டம் வைத்திருக்கின்றன. வீட்டு வேலைக்கு ஆள் எடுப்பதும் தனிச் சட்டம், அதை இங்கே கலக்க வேண்டாம்.

முதலில் ஆஃபர் லெட்டர். ஆள் விசாவில் வருவதற்கு முன்பே தொழில் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்து ஆக வேண்டும். அரபியும் ஆங்கிலமும் போக, தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அது கிடைக்கும். தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்ப் பிரதியை எடுத்துக் கொடுங்கள். ஊரில் ஏஜென்ட் என்ன சொல்லி அனுப்பினாரோ, அதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். இங்கே வந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் இருவருக்கும் நஷ்டம்.

ஆஃபர் லெட்டரில் நான் அதிக நேரம் செலவிடும் இடம் ஒன்றே ஒன்று: பேசிக் சம்பளம். "மொத்தம் 2,500 திர்ஹம்" என்று முதலாளி சொல்வார். தொழிலாளி காதில் 2,500 விழும். ஆனால் காகிதத்தில் பேசிக் 1,500, மற்றதெல்லாம் அலவன்ஸ் என்று இருக்கும். மாதாமாதம் கையில் வருவது ஒன்றுதான் என்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி கணக்கு வரும்போதுதான் வலிக்கும்.

கிராஜுவிட்டி முழுக்க பேசிக்கை வைத்தே. முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். ஏழு வருடம் வேலை பார்த்தவர், பேசிக் 1,500 என்றால் ஒரு நாளுக்கு 50 திர்ஹம். ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த இரண்டுக்கு 60 நாள், ஆக 165 நாள். 8,250 திர்ஹம். அவர் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு 2,500-ஐ வைத்து, அது 13,750. அந்த 5,500 வித்தியாசத்துக்கு முதலாளி ஏமாற்றிவிட்டார் என்றே நினைப்பார். சட்டப்படி முதலாளி சரி. ஆனால் முதல் நாளே உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். நான் இப்போது ஒவ்வொருவருக்கும் காட்டுகிறேன். ஒரு துண்டுக் காகிதம், ஐந்து நிமிடம். பேசிக்கை வேண்டுமென்றே 800-க்கு இறக்கச் சொல்லும் முதலாளியிடம் அது சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று, பழைய சட்டத்தில் தானாக ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி வெட்டுப்படும். இப்போது அது இல்லை. ஒரு வருடம் முடித்துவிட்டால், அவரே போனாலும் நீங்கள் அனுப்பினாலும் ஒரே கணக்குதான். இன்னும் பழைய நினைப்பிலேயே வெட்டுகிற மேனேஜர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

இந்தப் பணத்தை மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். மேலே சொன்ன ஆளுக்கு முதல் ஐந்து வருடம் மாதம் 87.50 திர்ஹம் வரும். சின்னத் தொகைதான். ஏழு வருடம் எடுத்து வைக்காமல், போகும்போது மொத்தமாகத் தேடினால்தான் சிக்கல். சட்டம் தரும் அவகாசம் 14 நாள்: ஒப்பந்தம் முடிந்த தேதியிலிருந்து அதற்குள் எல்லா பாக்கியும் தீர்த்தாக வேண்டும்.

விசா செலவு, ஆள் எடுக்கிற செலவு எல்லாம் உங்கள் பொறுப்பு. "முதல் ஆறு மாதம் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறேன்" என்பது சட்டவிரோதம். பாஸ்போர்ட்டை வாங்கி லாக்கரில் வைப்பதும் அப்படித்தான். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் வைத்தேன் என்பார்கள்; பத்திரம் வேண்டுமென்றால் அவருக்கே ஒரு பூட்டு வாங்கிக் கொடுங்கள். விசிட் விசாவில் இருப்பவரை "இரண்டு நாள் வந்து பார்க்கட்டும்" என்று கடையில் நிறுத்தாதீர்கள். பர்மிட் இல்லாமல் வேலை வாங்கினால் அபராதம் 1 லட்சம் திர்ஹத்திலிருந்து 10 லட்சம் வரை என்று 2024-இல் உயர்த்திவிட்டார்கள். ஏழு பேர் வேலை பார்க்கும் கடை அதில் எழுந்திருக்கவே முடியாது.

சம்பளம் டபிள்யூ.பி.எஸ். வழியாகத்தான், அதாவது வங்கி மூலம் போகும் சம்பளத்தை அமைச்சகம் கண்காணிக்கும் முறையில்தான் போக வேண்டும். தொடக்க காலத்தில் நான் கணக்குப் பார்த்த ஓர் இடத்தில், வங்கிக் கணக்கு தாமதமானதால் முதலாளி இரண்டு மாதம் கையில் பணமாகக் கொடுத்தார். கொடுத்தது உண்மை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அமைச்சகத்தின் திரையில் அந்த இரண்டு மாதமும் சம்பளம் வராத மாதங்கள். புது பர்மிட் போடவிடாமல் நிறுத்திவிட்டார்கள். விளக்கி முடிப்பதற்குள் கையில் இருந்த பெரிய வேலை ஒன்று வேறு கடைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து ரொக்கம் என்ற பேச்சுக்கே நான் ஒத்துக்கொள்வதில்லை.

ப்ரொபேஷன் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் அனுப்புவதானாலும் 14 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். அது முடிந்த பிறகு, ஒப்பந்தத்தில் எழுதியபடி 30 முதல் 90 நாள் வரை நோட்டீஸ். நீங்கள் அனுப்புகிறீர்கள் என்றால், நோட்டீஸ் காலத்தில் வாரம் ஒரு நாள் வேறு வேலை தேட அவர் போகலாம்; அந்த நாளுக்குச் சம்பளம் இல்லை, ஆனால் தடுக்கவும் கூடாது.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. ரமலானில் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறைவு, நோன்பு வைக்காதவருக்கும் சேர்த்து. ஓவர்டைம் பேசிக் கணக்கில் 25 சதவீதம் கூடுதல்; இரவு 10 முதல் காலை 4 வரை என்றால் 50. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஆகஸ்டில் ஒரு தகரக் கூரையைத் தொட்டுப் பார்த்தவருக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் கடைசி நாள். செட்டில்மென்ட்டில் நான்கு வரி இருக்க வேண்டும்: அன்றுவரையான சம்பளம், எடுக்காத விடுமுறைக்கான பணம் (இதுவும் பேசிக் கணக்குதான்), கிராஜுவிட்டி, நோட்டீஸ் முழுதும் தராவிட்டால் மீதி நாட்களுக்கான முழுச் சம்பளம். வேறு கம்பெனிக்கு மாறாமல் ஊருக்குப் போகிறார் என்றால், பொதுவாக டிக்கெட்டும் உங்கள் செலவு. தகராறு வந்தால் அவர் அமைச்சகத்தில் புகார் கொடுப்பார். 50,000 திர்ஹம் வரையான கோரிக்கையில் 2024 முதல் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லிவிட முடியும்.

விசா கேன்சலேஷன் காகிதத்தில் "எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும். இங்கே வந்த புதிதில், நான் வேலை பார்த்த இடத்தில் பணம் கொடுக்கும் முன்பே அதில் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு நேபாளத்துக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் இந்தியில் கேட்டார், போடலாமா என்று. மேனேஜர் சொன்னதை நம்பி, போடுங்கள் என்றேன். அவருக்குச் சேர வேண்டியது முழுதாகப் போய்ச் சேரவே இல்லை. அதற்குப் பிறகு நான் மாற்றாத வரிசை இதுதான்: முதலில் வங்கியில் பணம் ஏறட்டும். அவர் தன் போனில் அதைப் பார்க்கட்டும். செட்டில்மென்ட் காகிதத்தை அவர் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு கையெழுத்து. அதற்கும் பிறகுதான் விசா கேன்சல்.