மூளையின் வேதிப்பொருள்களை எம்ஆர்எஸ் (காந்த ஒத்ததிர்வு நிறமாலை) வழியாக அளப்பது: நான் தடுக்கிய இடத்தோடு ஒரு செய்முறை

நினைவு மங்கிய முதியவர்களின் மூளையில் என்ஏஏ என்ற வேதிப்பொருள் குறைந்திருப்பதைக் காட்டும் வரைபடம் ஒன்றைப் போட்டு, என் முதுகலை ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பெட்டிக்குள் மூளைத் தண்டுவட நீர் எவ்வளவு இருந்தது?" பெட்டி என்றால் நாம் அளக்கும் மூளைப் பகுதி. என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிய மூன்று வாரத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எம்ஆர்ஐ அறையில் வேலை செய்யும் ரேடியோகிராஃபர். வேலை மலேசியாவின் ஈப்போவில், வீடு சுங்கை சிப்புட்டில். தரவு அலசுவதெல்லாம் இரவில், வீட்டு மடிக்கணினியில். டிஇ (எதிரொலி வரும் நேரம், மில்லிவிநாடியில்), டிஆர் (ஓர் அளவீட்டிலிருந்து அடுத்ததற்கு உள்ள நேரம்), டி1 படம் (மூளையின் அமைப்பைக் காட்டும் எம்ஆர்ஐ படம்) என்றால் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். இது ஆய்வுக்கான வழி. ஒருவருக்கு இன்ன நோய் என்று சொல்வது மருத்துவரின் வேலை, இந்த எண்களை வைத்து நாம் சொல்லக் கூடாது.

எதை அளக்கிறோம்

அதே எம்ஆர்ஐ கருவிதான், அதே ஹைட்ரஜன்தான். படத்துக்குப் பதிலாக, ஒரு சின்னப் பெட்டி அளவு மூளையிலிருந்து வரும் சைகையை அலைவரிசை வாரியாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு மூலக்கூறிலும் ஹைட்ரஜனைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் வேறு வேறு மாதிரி மறைப்பதால் அதிர்வெண் கொஞ்சம் மாறும். அதைப் பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எழுதுவோம். என்ஏஏ 2.0, கிரியாட்டின் 3.0, கோலின் 3.2, மயோ-இனோசிட்டால் 3.5 முதல் 3.6 வரை, லாக்டேட் 1.3, தண்ணீர் 4.7. கோடு வலமிருந்து இடமாக ஏறும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

என்ஏஏ நரம்பணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டாவது. அதனால் அது நரம்பணுக்கள் எப்படி இருக்கின்றன என்பதற்கு ஓர் அடையாளம். மயோ-இனோசிட்டால் பெரும்பாலும் நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் கிளியா அணுக்களில் இருக்கிறது. அல்சைமர் நோயில் முன்னது குறைந்து பின்னது கூடுகிறது. கட்டிகளில் அணுச்சவ்வு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் கோலின் ஏறும். கல்லீரல் கெட்டு மூளை பாதிக்கப்பட்டால் குளூட்டமேட்டும் குளூட்டமினும் சேர்ந்த முகடு ஏறி, மயோ-இனோசிட்டாலும் கோலினும் இறங்கும். எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது கனவான் நோய். அதில் என்ஏஏ குறைவதில்லை, கூடுகிறது. அதைச் சிதைக்கும் நொதி அந்தக் குழந்தைகளிடம் இல்லை. ஆகவே "என்ஏஏ நிறைய இருந்தால் நல்லது" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

படி 1: பெட்டியை வைப்பது

அல்சைமர் ஆய்வுக்கு வழக்கமான இடம் போஸ்டீரியர் சிங்குலேட், மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய பின்பகுதி. பக்கத்துக்கு 2 செ.மீ. வைத்தால் 8 மில்லிலிட்டர். மண்டையோட்டை ஒட்டி வைத்தால் தோலடிக் கொழுப்பு உள்ளே வந்து 1.3 பிபிஎம் பக்கம் முழுதையும் கெடுத்துவிடும்.

பெட்டியைச் சின்னதாக்கி இடத்தைத் துல்லியமாக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்தை 1.5 செ.மீ. ஆக்கினால் கன அளவு 3.4 மில்லிலிட்டருக்குக் கீழே போய்விடும். இழந்த தெளிவைத் திரும்பப் பெற 5.6 மடங்கு நேரம் வேண்டும், ஏனென்றால் அளவீடுகளை நாலு மடங்காக்கினால்தான் தெளிவு இரண்டு மடங்காகும். 2 விநாடி டிஆரில் 128 தடவை எடுக்க 4 நிமிடம் 16 விநாடி. அது 24 நிமிடமாக நீண்டால் எந்த முதியவரால் அசையாமல் படுத்திருக்க முடியும்?

பெட்டியை வைப்பதற்கு முன்பே 1 மி.மீ. அளவில் முப்பரிமாண டி1 படம் எடுத்துவிடுங்கள். பிறகு அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் வாழ்நாள் முழுவதும் உழைத்த பாட்டிமார்களிடம் ஒலிபெருக்கியில் "ஜாங்கான் கெராக்" (மலாயில் 'ஆடாதீர்கள்') என்று மட்டும் சொன்னால் பயந்துபோய்த் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். உள்ளே அனுப்பும் முன் கையைப் பிடித்து, "பாட்டி, மெஷின் கடகடன்னு சத்தம் போடும், பயப்படாதீங்க, பத்து நிமிஷம் ஆடாம படுத்துக்குங்க, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறேன்" என்று தமிழில் சொல்லுங்கள். தரவின் தரம் அந்த ஒரு நிமிடத்தில் கூடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 2: ஷிம் (காந்தப் புலத்தைச் சீராக்குவது), பிறகு இரண்டு அளவீடு

3 டெஸ்லாவில் 1 பிபிஎம் என்பது ஏறக்குறைய 128 ஹெர்ட்ஸ். கிரியாட்டினுக்கும் கோலினுக்கும் இடைவெளி 25 ஹெர்ட்ஸ் அளவுதான். தண்ணீர் முகட்டின் அகலம் 12 ஹெர்ட்ஸைத் தாண்டினால் திரும்ப ஷிம் செய்யுங்கள். பிறகு மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள், முடியாது.

தூய தண்ணீர் ஒரு லிட்டரில் 55 மோல். என்ஏஏ திசுவில் 10 மில்லிமோல் சுற்றளவு. அதனால் தண்ணீரை அடக்கிவிட்டுத்தான் முதல் அளவீடு எடுப்போம். அது முடிந்ததும் அதே பெட்டி, அதே டிஇ, அதே டிஆரில் தண்ணீரை அடக்காமல் நாலு அல்லது எட்டு தடவை எடுங்கள். அரை நிமிட வேலை. இந்தத் தண்ணீர்தான் நம் அளவுகோல். ஓரிடத்திலிருந்து எனக்கு வந்த தரவில் இது எடுக்கப்படவே இல்லை, அந்தத் தொகுப்பு முழுதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

சேமிக்கும்போது திரையில் தெரியும் வரைபடத்தை மட்டும் சேமித்தால் போதாது. மூலக்கோப்பு வேண்டும்: சீமென்ஸில் ட்விக்ஸ், பிலிப்ஸில் எஸ்டாட்டும் ஸ்பாரும் சேர்ந்த இரட்டைக் கோப்பு, ஜிஇயில் பி-கோப்பு.

படி 3: மென்பொருள்

என் தேர்வு எஃப்எஸ்எல்-எம்ஆர்எஸ். பைத்தானில் ஓடுகிறது, ஆய்வுக்கும் படிப்புக்கும் காசு கிடையாது, முடிவை உலாவியில் திறக்கும் அறிக்கையாகத் தருகிறது. ஆஸ்ப்ரேயும் அருமையானதுதான், மேட்லேப் உரிமம் இருப்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். எல்சிமாடல் 1993 முதல் இந்தத் துறையின் அளவுகோலாக இருந்து, இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் புதியவர்களுக்கு அதன் உள்ளீட்டுக் கோப்பு சிரமம். பழகிப் பார்க்கத் தரவு இல்லாதவர்கள் பிக் காபா தொகுப்பைப் பதிவிறக்கலாம். ஆரோக்கியமானவர்களின் தரவு, பல நிறுவனங்களின் கருவிகளில் எடுத்தது.

மூலக்கோப்பை ஸ்பெக்2என்ஐஐ நிஃப்டி வடிவத்துக்கு மாற்றித் தரும். அப்புறம் வழக்கமான சுத்திகரிப்பு: காயில்களைச் சேர்ப்பது, அதிர்வெண்ணை வரிசைப்படுத்துவது, ஆடிய அளவீடுகளை நீக்குவது, எடி மின்னோட்டத் திருத்தம், மிச்சத் தண்ணீரை எடுப்பது. இவற்றை மென்பொருளே செய்யும், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அடித்தளத் தொகுப்பு, அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளும் தனியாக எப்படித் தெரியும் என்ற மாதிரி வடிவங்கள், உங்கள் தரவின் டிஇ, துடிப்பு வரிசை, காந்தப் புலம் மூன்றோடும் பொருந்த வேண்டும். டிஇ 30இல் எடுத்ததை டிஇ 135க்கான தொகுப்பில் பொருத்தினாலும் ஒரு முடிவு வரும், அது தவறு.

படி 4: பெட்டிக்குள் என்ன இருக்கிறது

இதுதான் நான் தாண்டிப் போன படி. டி1 படத்தைத் திசு வாரியாகப் பிரிக்க என் 8 ஜிபி மடிக்கணினியில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் வரை ஆனது. அவசரத்தில் அதை விட்டுவிட்டு, தண்ணீரோடு ஒப்பிட்டு வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என்ன தவறு என்று புரிய வைத்தது என் பாட்டியின் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். காண்டாவாளியில் பாலைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு வந்தால், எடையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுத மாட்டார்கள். மிதவைக் கருவியைப் பாலுக்குள் விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். நல்ல பாலிலேயே மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ரப்பர். மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், மழை விழுந்துவிட்டால் வாளி நிறைந்திருக்கும், ரப்பர் விகிதம் இறங்கியிருக்கும். அதைப் பார்த்து மரத்துக்கு நோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வயதானவர் மூளை சுருங்கும்போது அதே பெட்டிக்குள் சிஎஸ்எஃப், அதாவது மூளைத் தண்டுவட நீர், கூடுகிறது. அதில் என்ஏஏ இல்லை என்றே சொல்லலாம், தண்ணீர் மட்டும் ஏராளம். கணக்கைப் பாருங்கள். இரண்டு பேருக்கும் திசுவில் என்ஏஏ ஒரே மாதிரி 10 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் ஆள்: கிரே மேட்டர் (சாம்பல் நிறத் திசு) 60, வைட் மேட்டர் (வெண்ணிறத் திசு) 30, சிஎஸ்எஃப் 10 சதவீதம். பெட்டியில் என்ஏஏ 9. தண்ணீர்ப் பங்கு கிரே மேட்டரில் 0.78, வைட் மேட்டரில் 0.65, சிஎஸ்எஃப்பில் 0.97 என்று எடுத்தால் மொத்தத் தண்ணீர் 0.76. வகுத்தால் 11.8.

இரண்டாம் ஆள்: 45, 25, 30 சதவீதம். பெட்டியில் என்ஏஏ 7. தண்ணீர் 0.80. வகுத்தால் 8.7.

மேலே இருப்பது குறைகிறது, கீழே இருப்பது கூடுகிறது. திசுவில் எந்த மாற்றமும் இல்லாமலேயே கால்வாசிக்கு மேல் "குறைவு" வந்துவிட்டது. டி1, டி2 தளர்வை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 2 விநாடி டிஆரில் சிஎஸ்எஃப் தண்ணீர் முழுதாக மீளாததால் உண்மையான வித்தியாசம் இதைவிடக் குறையும். மென்பொருளுக்கு டிஇயும் டிஆரும் கொடுத்தால் அதையும் அதுவே சேர்த்துக்கொள்ளும்.

சரி, செய்ய வேண்டியது: டி1 படத்தைத் திசு வாரியாகப் பிரிக்கும் எஃப்எஸ்எல் அனாட்டில் ஓடவிடுங்கள். பிறகு எஃப்எஸ்எல்-எம்ஆர்எஸ்ஸின் திசுப் பிரிப்புக் கட்டளை பெட்டியை அந்தப் படத்தின் மேல் வைத்து மூன்று விகிதங்களைத் தரும். மூன்றும் சேர்ந்து 1 வருகிறதா பாருங்கள். பெட்டியின் நிழல் நீங்கள் வைத்த இடத்திலேயே விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வேறு நாள் எடுத்த டி1 படத்தைக் கொடுத்தால் பெட்டி தள்ளிப்போய் விழும், விகிதங்கள் மட்டும் நம்பும்படி இருக்கும். இந்த விகிதக் கோப்பைப் பொருத்தும் கட்டளையில் சேர்த்த பிறகுதான் என் ஆய்வில் இரு குழுக்களுக்கும் இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. முழுதாக மறையவில்லை. மிஞ்சியதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிரியாட்டினோடு விகிதம் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். உண்மை, இரண்டும் திசுவிலிருந்தே வருவதால் சிஎஸ்எஃப் அடிபட்டுப் போகும். ஆனால் கிரியாட்டின் மாறாதது என்ற நம்பிக்கை கட்டிகளில் பொய்க்கும். கிரியாட்டின் குறைபாட்டு நோய்களில் அந்த முகடே காணாமல் போகும். நான் இரண்டு விதமாகவும் எழுதுகிறேன்.

படி 5: முடிவைப் படிப்பது

எண்ணுக்கு முன் எச்சத்தைப் பாருங்கள். தரவுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் தட்டையான இரைச்சலாக இருக்க வேண்டும். அதில் முகடு தெரிந்தால் எங்கோ பிழை.

கிராமர்-ராவ் எல்லை (பொருத்தத்தில் குறைந்தது இவ்வளவு பிழை இருக்கும் என்ற மதிப்பீடு) 20 சதவீதத்துக்கு மேல் என்றால் தூக்கி எறி என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு வேதிப்பொருள் நோயால் உண்மையிலேயே குறைந்தால் அதன் சதவீதப் பிழை தானாகவே ஏறும். அவற்றை நீக்கினால் நோயாளிகளில் யாருக்குக் குறைந்ததோ அவர்களையே நீக்குகிறோம். 2016இல் ரோலண்ட் கிரைஸ் இதைத் தெளிவாக எழுதினார். முகட்டின் அகலம், இரைச்சல், எச்சம் இவற்றை வைத்துத் தரம் பிரியுங்கள்.

பிற்சேர்க்கை 1: விண்டோஸுக்குள் லினக்ஸ் வைத்து ஓட்டுபவர்கள் மூவர் ஒரே பிழையைச் சொன்னார்கள். கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தது. இடைவெளி இல்லாத பெயர் கொடுத்து, லினக்ஸ் பக்கத்துக் கோப்புறையிலேயே தரவை வையுங்கள். வேகமும் கூடும்.

பிற்சேர்க்கை 2: லாக்டேட் தலைகீழாகத் தெரிகிறது, கருவி கெட்டுவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. டிஇ 144இல் அது கவிழ்ந்துதான் தெரியும், 288இல் நிமிரும். கொழுப்பிலிருந்து அதைப் பிரித்தறிய இதுவே வழி. 3 டெஸ்லாவில் பிரெஸ் வரிசையில் கவிழ்ந்த முகடு உண்மையைவிடச் சின்னதாகத் தெரியலாம். செமி-லேசர் என்ற இன்னொரு துடிப்பு வரிசை இருந்தால் அதை எடுங்கள்.

பிற்சேர்க்கை 3: தைப்பிங்கிலிருந்து ஒரு தம்பி, ஒப்பீட்டுக் குழுவில் இருக்கும் ஆரோக்கியமான முதியவர்களுக்கே மயோ-இனோசிட்டால் ஏறியிருக்கிறது என்றார். விசாரித்ததில் பாதிப் பேருக்கு இனிப்புநீர். நீரிழிவில் மயோ-இனோசிட்டால் கூடுவது 1990களிலேயே பதிவானது. குளுக்கோஸின் முகடுகள் 3.4இலும் 3.8இலும் அதற்கு இரு பக்கமும் நிற்கின்றன. நம் தோட்டத்துக் குடும்பங்களில் இந்த நோய் இல்லாத வீடு அபூர்வம். ஆகவே ஆட்களைச் சேர்க்கும்போதே எச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை) அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அடித்தளத் தொகுப்பில் குளுக்கோஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். என் தொகுப்பில் அது இல்லை. இந்த வாரம் சேர்த்துத் திரும்ப ஓடவிட்டிருக்கிறேன்.